ஒரே பெட்டியில் இரண்டு சாட்சி

அத்தியாயம் 11

பெட்டியை எடை போட வீட்டில் தராசு இல்லையே என்று யாரும் கவலைப்படவில்லை. ஏ.சி. மெக்கானிக் வீட்டில் அதற்கென்ன பஞ்சம்? ஏ.சி.க்கு ஏற்றும் கேஸ் சிலிண்டரை நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசைக் கூடத்தின் நடுவில் வைத்து, பெட்டியை அதன் மேல் தூக்கி வைத்தான் மகன்.

"ரெண்டு கிலோ அதிகம்," என்றான்.

"தராசு தப்பாக் காட்டுது," என்றாள் அவன் அம்மா.

"கிராம் சுத்தமா கேஸ் அளக்கிற தராசும்மா இது. வேணும்னா நீ ஏறி நில்லு, பாப்போம்."

"முதல்ல உன் தொப்பையை ஏத்து."

மருமகள் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தாள். தேட வேண்டிய அவசியமே இல்லை. குற்றவாளிகள் இரண்டும் மேலாகவே படுத்திருந்தன. இரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்புகள், ஓரத்தோடு ஓரம் ஒட்டி, இஸ்திரி போட்ட மாதிரி மடிக்கப்பட்டு. ரிட்டயர் ஆகும்வரை ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் விரிப்பு மடித்த மாமியாரின் கை அது. வேறு எப்படி இருக்கும்?

"விடுதியில விரிப்பு குடுப்பாங்க அத்தை. மாநாட்டுக்காரங்க அனுப்பினதுலயே போட்டிருக்கு. கம்பளிதான் நம்மளைக் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க."

"குடுப்பாங்க. யாரு துவைச்சதோ, எந்தத் தண்ணியில அலசினதோ. ஒரு விரிப்புல என்னென்ன ஒட்டிட்டு இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ கண்ணாடிக் கடையில உக்காந்து லென்ஸ் மாட்டறவ. உனக்குத் தெரியாது."

"சரி, ஒண்ணு இருக்கட்டும். ஒண்ணை எடுத்துடறேன்."

"எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. அதான் ரெண்டு வச்சேன்," என்றாள் மாமியார், யாரையும் பார்க்காமல்.

மருமகள் விரிப்பில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள். பதிலாகத் தன்னுடைய கனமான செருப்பு ஜோடியையும், சத்துமாவு டப்பாவையும் வெளியே எடுத்து வைத்தாள். தராசு ஒருவழியாக ஒத்துக்கொண்டது.

இப்படிப் பேசிச் சிரிக்கிற இந்த இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் ஆறு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்கள் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒருநாள் மருமகள் தன் தங்கையிடம் போனில், "ஆஸ்பத்திரித் துணி அலசற கையால போடற சாப்பாடு எனக்குத் தொண்டையில இறங்கவே மாட்டேங்குது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் அவளுக்குத்தான் சாப்பாட்டுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனவள்தான். அன்றோடு பேச்சு நின்றது. 'உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு', 'உங்க அம்மாவைக் கேளுங்க' என்று எல்லாமே மகன் வழியாகத்தான். சர்ச் சபையில் அவனுக்குப் போஸ்ட்மேன் என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்தப் போஸ்ட்மேன் ஏ.சி. மாட்டப் போய் ஏணியிலிருந்து விழுந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வெளியே பெஞ்சில் இவர்கள் இரண்டு பேர். நடுவில் தபால் கொண்டுபோக ஆள் இல்லை. கடைசியில் மாமியார்தான், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். பொட்டலத்தைப் பிரித்து ஒரு கவளம் எடுத்து நீட்டினாள். மருமகள் அந்தக் கையிலிருந்தே வாங்கிச் சாப்பிட்டாள்.

இதைச் சபையில் இருவரும் சேர்ந்து, ஆண்டவர் தங்களைச் சேர்த்துவைத்த கதையாக எழுந்து நின்று சாட்சி சொன்னார்கள். கேட்டவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். போதகர் அதை எழுதி அனுப்ப, வெளிநாட்டில் பிரிந்தவர்களின் ஒப்புரவு என்ற பொருளில் நடக்கும் திருச்சபை மாநாட்டிலிருந்து, அங்கேயும் வந்து சொல்லச் சொல்லி, இருவருக்கும் டிக்கெட்டே வந்துவிட்டது.

ஆனால் எங்கே சொன்னாலும் சாட்சி அந்த ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்துதான் ஆரம்பிக்கும். அதற்கு முந்தியதை, "ஏதோ உப்புப் பெறாத விஷயத்துக்காகப் பேசாம இருந்தோம்," என்று மாமியார் ஒரே வரியில் தாண்டிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் மருமகளுக்கு அப்போதுதான் மூச்சு வரும். அவள் சொன்ன வார்த்தை சபைக்குத் தெரியாது. கட்டிய கணவனுக்கும் தெரியாது. மாமியார் இத்தனை வருஷத்தில் பெற்ற பிள்ளையிடம்கூட அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

இன்று விசா நேர்காணல். பஸ்ஸில் போகும்போது மருமகள் மறுபடி ஒருமுறை பாடம் எடுத்தாள்.

"எதுக்குப் போறீங்கன்னு கேட்டா?"

"மாநாட்டுக்கு."

"செலவு?"

"மாநாட்டுக்காரங்க பாத்துக்கறாங்க."

"திரும்பி வருவீங்களா?"

"இதென்ன கேள்வி? வராம எங்க போறது? என் வீடு இங்க இருக்கு. நான் இல்லைன்னா தண்ணி மோட்டாரை அணைக்கக்கூட ஆள் இல்லை."

"வருவேன்னு மட்டும் சொல்லுங்க அத்தை. மோட்டாரெல்லாம் அவங்களுக்கு வேண்டாம்."

"சரி, மோட்டாரை விட்டுடறேன்."

விசா அலுவலகத்தில் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கைரேகை எடுத்தார்கள். மாமியாரின் விரல் ரேகை மட்டும் இயந்திரத்தில் பதியாமல் அடம்பிடித்தது. சோடாவும் சவுக்காரமும் தின்ற விரல்கள். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, நாலாவது தடவைதான் விழுந்தது. மருமகள் அந்த விரல்களைப் பார்க்காமல் சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துப் பக்கத்து ஜன்னல்களில் இருவரையும் கூப்பிட்டார்கள். மாமியாருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர். நல்ல பையனாகத்தான் தெரிந்தான், வேலைக்குப் புதிது போல. மருமகளுக்கு அந்த ஆள் தேவையில்லை. அவள் அதிகாரியின் மொழியிலேயே மனப்பாடம் செய்த பதில்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தாள். மாநாடு. ஒரு வாரம். பார்வையாளராகக் கலந்துகொள்கிறோம். எல்லாம் கச்சிதமாகப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த ஜன்னலிலிருந்து குரல் கேட்டது.

"எதுக்காகம்மா போறீங்க?"

"சாட்சி சொல்ல."

மருமகளின் நாக்கு பாதி வாக்கியத்தில் நின்றது. மொழிபெயர்ப்பாளர் அதிகாரியிடம் சொன்ன வார்த்தை அவளுக்குப் புரிந்தது. அது சபைச் சாட்சி இல்லை. கோர்ட்டுக் கூண்டில் ஏறிச் சொல்கிற சாட்சி.

"யாருக்கு எதிரா சாட்சி சொல்றீங்க?"

"எதிராவா? எதிரால்லாம் இல்லை தம்பி. என் மருமகளும் நானும் சேந்துதான்."

"என்ன வழக்கு?"

"வழக்குன்னா, எனக்கும் இவளுக்கும்தான். ஆறு வருஷம் இழுத்துச்சு."

அந்தப் பக்கத்து அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்டார். பையன் அதைத் தமிழில் கேட்டான்.

"எதனாலம்மா ஆரம்பிச்சது?"

மாமியார் மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள். மருமகள் கடையில் தானே அளவெடுத்து மாட்டிக்கொடுத்த கண்ணாடி. பிறகு பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

மருமகள் எழுந்துவிட்டாள். தன் ஜன்னலில் அதிகாரி கேட்ட கேள்வி என்னவென்று அவளுக்கு இப்போதும் தெரியாது. இரண்டே எட்டில் அடுத்த ஜன்னலுக்குப் போய், "அத்தை, மாநாடுன்னு சொல்லுங்க. மாநாடுன்னு மட்டும் சொல்லுங்க," என்று மாமியாரின் தோளைப் பிடித்தாள்.

காவலாளி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் கொண்டுபோய்க் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். திரும்பிப் பார்த்தபோது அவள் ஜன்னலில் ஃபைல் மூடியிருந்தது. மாமியார் மட்டும் தொடர்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று இங்கே கேட்கவில்லை. அந்த அதிகாரி ஒருதடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சிரித்தாரா, என்னவோ.

முடிவு சாயங்காலத்துக்குள் போனுக்கு வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் மருமகள் இரண்டு நிறுத்தம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மூன்றாவதில் முடியவில்லை.

"மாநாடுன்னு ஒரே ஒரு வார்த்தை அத்தை. அதைச் சொல்றதுக்கு என்ன?"

"சாட்சி சொல்லத்தானே போறோம்? பாஸ்டரே அப்படித்தான் சொல்றாரு."

"சபையில சாட்சின்னா வேற. ஆபீஸ்ல சாட்சின்னா கோர்ட்டு, கேசு, போலீசு. குட்டையைக் குழப்பிட்டீங்க."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுன்னுதானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? உங்களைக் கூட்டிட்டு வந்ததே என் தப்பு."

சொன்ன உடனே திரும்ப விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பாள். மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பி, கடைகளின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இறங்கும் இடம் வந்தது. மாமியார் எழுந்து முன்னால் போனாள். படியில் நின்ற கண்டக்டரிடம், "பின்னாடி ஒருத்தங்க இறங்கணும். கொஞ்சம் சொல்லிடுங்க," என்றாள்.

கண்டக்டர் ஒன்றும் புரியாமல் மருமகளைப் பார்த்து, "நீங்க இறங்கணுமாம்," என்றார்.

மருமகளுக்குப் புரிந்துவிட்டது. புதுப் போஸ்ட்மேன்.

வீட்டில் மகன் வெளிநாட்டு ப்ளக் பாயின்டுக்கான அடாப்டரும், பெட்டிக்குச் சின்னப் பூட்டும் வாங்கி வைத்துக் காத்திருந்தான். மாத்திரைச் சீட்டுகளையெல்லாம் டாக்டர் சீட்டோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு, கையில் கொண்டுபோகும் பையில் செருகியிருந்தான்.

"என்னம்மா ஆச்சு?"

"உன் பொண்டாட்டியைக் கேளு," என்றாள் அம்மா.

மகன் அடாப்டரை மெதுவாக மேஜையில் வைத்தான். இந்த வாக்கியத்தை அவன் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

"ஏன், அவ இங்கதானே நிக்கறா. நீயே கேளேன்."

"பெட்டியில இருந்து என் துணியை எடுத்துரட்டும்னு சொல்லிடு. கூட்டிட்டுப் போறது தப்புன்னா எதுக்குச் சுமக்கணும்?"

"அத்தை, நான்..." என்று மருமகள் ஆரம்பித்தாள்.

"அவங்க என்ன சொன்னாலும் எனக்குக் கேக்கலைன்னு சொல்லிடு."

மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. போஸ்ட்மேன் வேலையை நான் ராஜினாமா பண்ணி ரொம்ப காலமாச்சு. நான் இங்க இருந்தா நீங்க பேச மாட்டீங்க. உங்களைப் பேச வைக்கறதுக்காக மறுபடியும் ஏணியில இருந்து விழறதுக்கு எனக்கு உடம்புல தெம்பு இல்லை. ஒரு கடையில ஃப்ரீசர் ஓடலையாம், போயிட்டு வரேன்."

வண்டிச் சத்தம் தெருமுனை வரை கேட்டு நின்றது.

மாமியார் பெட்டியைத் திறந்தாள். தன் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் அடுக்கினாள். புதுக் கம்பளிச் சட்டையை எடுத்தாள். அதன் விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. தன்னுடைய விரிப்பை எடுத்தாள். மற்ற விரிப்பை மட்டும் தொடவில்லை. பாதி காலியான பெட்டியை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போய், அடுப்பைப் பற்றவைத்தாள்.

மருமகள் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. யோசிக்க யோசிக்க, பஸ்ஸில் தான் பேசியது நியாயம்தான் என்று நிரூபித்துக்கொள்ள நாலு காரணம் கிடைத்தது. நாலும் அவளுக்கே சப்பென்று இருந்தது.

அப்போதுதான் போன் இரண்டு தடவை சிணுங்கியது. இருவர் விண்ணப்பத்திலும் அவள் எண்ணைத்தான் கொடுத்திருந்தாள்.

முதல் செய்தி மாமியாருக்கு. விசா வழங்கப்பட்டது.

இரண்டாவது அவளுக்கு. பயண நோக்கம் குறித்து உடன் பயணிப்பவர் சொன்னதும் தாங்கள் சொன்னதும் ஒத்துப்போகவில்லை; நேர்காணலும் பாதியில் நின்றுவிட்டது; நாளைக் காலை உடன் பயணிப்பவரோடு நேரில் வந்து விளக்கமளிக்கவும்.

மருமகள் அதை மறுபடி மறுபடி படித்தாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. குட்டையைக் குழப்பியவள் என்று யாரைத் திட்டினாளோ, அவளுக்குக் கதவு திறந்துவிட்டது. சாட்சி சொல்லப் போகிறவள் சாட்சி சொல்லப் போகிறேன் என்று சொன்னாள். பார்வையாளர் என்று பூசி மெழுகியவள்தான் மாட்டிக்கொண்டாள்.

இனி அந்த அம்மாவையே போய்க் கூப்பிட வேண்டும். தனக்காக வந்து நில்லுங்கள் என்று கேட்க வேண்டும். காலையில் அத்தனை பேர் முன்னால் தோளைப் பிடித்து வாயை அடைத்த அதே கையோடு.

எழுந்து சமையலறை வாசலுக்குப் போனாள்.

"அத்தை."

கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்களுக்கு விசா கெடச்சிருச்சு."

மாமியார் அடுப்பைத் தணித்தாள். திரும்பவில்லை.

"எனக்குக் கெடைக்கல. நாளைக்குக் காலையில மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. கூடப் போறவங்களையும் கூட்டிட்டு வரணுமாம்."

"என்னைக் கூட்டிட்டுப் போறது தப்பாச்சே."

"தப்பாப் பேசிட்டேன் அத்தை. மன்னிச்சிருங்க. நீங்க வரலைன்னா நான் போக முடியாது. அதுக்காகச் சொல்லல. போக முடிஞ்சாலும் நீங்க இல்லாம நான் அங்க போய் என்னத்தைச் சொல்றது?"

இப்போது மாமியார் திரும்பினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். காலையில நீ எந்திரிச்சு ஓடி வந்தது சாட்சிங்கற வார்த்தைக்காகவா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாள் முழுக்க அதைத்தான் தனக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இல்லை," என்றாள் மருமகள்.

"எதனால ஆரம்பிச்சதுன்னு அந்தப் பையன் கேட்டான். அதுக்காக," என்றாள் மாமியார்.

"நீங்க வாயைத் திறந்தீங்க."

"உப்புப் பெறாத விஷயம்னு சொல்லத்தான் திறந்தேன். எல்லா இடத்துலயும் அதைத்தானே சொல்றேன்? நீ வந்து தோளைப் பிடிச்சதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இத்தனை நாள் மூச்சுக் காட்டாம இருந்தவளை நீ இன்னும் நம்பலைன்னு இருந்துச்சு."

மருமகளுக்குக் கண்ணில் தண்ணீர் நிரம்பி, சமையலறையே மங்கலாகிவிட்டது. எந்தக் கண்ணாடியும் இதற்கு உதவாது. அழுதுகொண்டே, "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள். இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவள் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

மாமியார் தட்டை எடுத்தாள்.

"சாப்பிட்டியா?"

"இல்லை."

"மணி என்னாகுது. உக்காரு."

மருமகள் உட்கார்ந்து சாப்பிட்டாள். மாமியார் எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு, தட்டில் குறையக் குறையப் போட்டாள்.

"நாளைக்கும் கேப்பாங்க அத்தை," என்றாள் மருமகள், தட்டைப் பார்த்தபடி. "எதனால ஆரம்பிச்சதுன்னு. மாநாட்டுலயும் யாராவது கேப்பாங்க."

"கேப்பாங்க."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"எனக்கு அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல இருந்துதான் சாட்சி. அதுக்கு முன்னாடி இருக்கறது என்னுது இல்லை. அது உன் சாட்சி. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். நீ சொன்னாத்தான் அது சாட்சி."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லாரையும் அப்புறம் பாக்கலாம். முதல்ல ஒரு ஆளுகிட்டச் சொல்லிப் பாரு."

யாரிடம் என்று மருமகள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. அது வாசலுக்கு வந்து நின்றது.

மாமியார் எழுந்து கூடத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். கட்டிலில் இருந்த துணிகளை எடுத்து வந்து உள்ளே அடுக்க ஆரம்பித்தாள். கம்பளிச் சட்டையின் விலைச்சீட்டைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள். மேலாகத் தன் விரிப்பை வைத்து உள்ளங்கையால் ஒருதடவை நீவிவிட்டாள்.

மகன் வாசலிலேயே நின்று பார்த்தான். பெட்டியில் துணி. சமையலறையில் மனைவி, கையில் தட்டு, கண் சிவந்து. அம்மா பேசாமல் மடித்துக்கொண்டிருக்கிறாள். அவனுக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

"பேசியாச்சா?"

"பேசியாச்சு," என்றாள் அம்மா.

"என்ன பேசினீங்க?"

"உன் பொண்டாட்டியைக் கேளு."

அவன் ஒரு நிமிஷம் அசந்துபோய்விட்டான். ஆனால் அம்மாவின் குரல் அவன் கிளம்பிப் போகும்போது இருந்த மாதிரி இல்லை. கருவிப் பையை இறக்கி வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய், அம்மா உட்கார்ந்திருந்த முக்காலியில் மனைவிக்கு எதிரே உட்கார்ந்தான்.

"சொல்லு," என்றான்.

மருமகள் தட்டைக் கீழே வைத்தாள். கூடத்தில் மாமியார் பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. பாதி வழியில் அது நின்றது.